பத்து நாள் பின்தங்கிய கணினி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் கணினிச் சான்றிதழ்க் கோளாறுகளைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்றும் விடமாட்டேன் என்கிறார்கள். எந்தக் கோப்பை எங்கே வைக்க வேண்டும், எந்தக் கட்டளையை அடிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதை என்னைவிட வேகமாக நீங்களே செய்துவிடுவீர்கள். அதைப் பற்றி எழுத எனக்கு ஆசையும் இல்லை, தெம்பும் இல்லை. கையேட்டில் இல்லாத ஒரு காலைப்பொழுது என்னிடம் இருக்கிறது. அதை எழுதித் தருகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்ததையே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மேசைக் கணினியில் இருக்கும் செயலி சர்வரிடம் பேசுவதற்கு முன்னால், "நீ யார்?" என்று கேட்கிறது. சர்வர் தன் சான்றிதழை நீட்டுகிறது. அதில் கையெழுத்துப் போட்டவரைத் தனக்குத் தெரியுமா, இன்றைய தேதிக்கு எல்லாம் செல்லுபடியாகுமா என்று செயலி பார்க்கிறது. இன்றைய தேதி எது என்று அதற்கு யார் சொல்வது? அது உட்கார்ந்திருக்கும் கணினியின் கடிகாரம்தான். அந்தக் கடிகாரம் எதைச் சொன்னாலும் செயலி மறுபேச்சுப் பேசாமல் நம்பிவிடும்.

நான் சேர்ந்த காலத்தில் எனக்கு மேலே ஓர் அம்மா இருந்தார். கோபக்காரர், காபி ஆறிப்போனால்கூட நம்மைத்தான் முறைப்பார். கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கணினியில் சான்றிதழ் தகராறு. இரண்டு நாள் அங்கேயே கிடந்து, செயலியை மூன்று தடவை அழித்து ஏற்றினேன். கடைசியில் அவருக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "அந்த மெஷின்ல மணி என்னய்யா காட்டுது?" உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்து, கணினி பல வருஷம் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து யார் அழைத்தாலும் முதலில் தேதியைக் கேட்பது என் வழக்கமாகிவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

நம் கடற்கரை ஊர்களில் ஒன்றில் ஒரு படகுச் சங்கம். ஊர் பெயரும் சங்கத்தின் பெயரும் வேண்டாம். அந்தக் கரையில் விசைப்படகுக்கு ஒரு நாள், நாட்டுப்படகுக்கு மறுநாள் என்று முறை வைத்துக் கடலுக்குப் போவார்கள். போகிற படகு ஒவ்வொன்றும் துறைக்குப் பக்கத்தில் இருக்கும் டோக்கன் அறையில் பதிந்து, அச்சடித்த டோக்கனோடு போக வேண்டும். டோக்கன் இல்லாத படகைத் துறை வாசலில் நிற்கும் ஆள் விடமாட்டார். படகு எண், போகிறவர்களின் பெயர், எந்தத் திசையில் போகிறார்கள் என்பதெல்லாம் டோக்கனில் இருக்கும். அதே விவரம் சங்கத்தின் சர்வருக்கும் போகும். யாராவது திரும்பி வராவிட்டால், தலைமை அலுவலகத்தின் வயர்லெஸ் அறையில் இருப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் மீட்பு ஆட்களுக்குச் சொல்வார்கள்.

அந்தச் செயலியை எழுதியது நாங்கள். இன்டர்நெட் லைன் அடிக்கடி போய்விடும் ஊர் என்பதால், பதிவின் தேதியை மேசைக் கணினியிலிருந்தே எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தோம். அன்று அது எங்களுக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

டோக்கன் அறையில் மும்தாஜ் என்று ஒருவர் வேலை பார்த்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கணவர் வளைகுடாவில். வேலையில் படு சுத்தம். ஒரு நாள் காலையில் அவர் அழைத்தபோது நான் பொன்னமராவதியில் வேறொரு கடையின் கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், டோக்கன் ரூம்லேர்ந்து மும்தாஜ் பேசுறேன். ப்ரோகிராம் தொறக்கவே மாட்டேங்குது. செகப்பா வருது. இந்த சர்வர நம்ப முடியாதுன்னு போடுது."

எனக்கு உடனே புரிந்தது. சர்வரின் சான்றிதழில் ஒரு குறையும் இல்லை. அதற்குக் கையெழுத்துப் போட்ட நிறுவனத்தின் மூலச் சான்றிதழ் முந்தைய நாளோடு காலாவதி ஆகியிருந்தது. புதிய கணினிகளில் புதிய மூலச் சான்றிதழ் இருந்ததால் அவை தப்பிவிட்டன. மும்தாஜிடம் இருந்தது பழைய கணினி. அதில் செயலி தன் சொந்தக் கோப்பில் பழைய மூலச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டிருந்தது. யாராவது நேரில் போய்ப் புதியதைப் போட வேண்டும். அது என் பட்டியலில் இருந்த வேலைதான். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தேன்.

சந்தேகத்தை உறுதி செய்துகொள்ள, "தேதியப் பத்து நாள் பின்னாடி மாத்திப் பாருங்கம்மா" என்றேன்.

"தேதியவா சார்?"

"ஆமாம்மா. மாத்திட்டுத் தொறந்து பாருங்க."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அட, தொறந்துருச்சு சார்!" என்றார். வரிசையில் படகுக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது.

"அப்ப அதேதான். ரெண்டு நாள்ல நேர்ல வாரேன்" என்று போனை வைத்துவிட்டேன்.

தேதியைத் திரும்பச் சரியாக வையுங்கள் என்று சொல்லவில்லை. கவனியுங்கள், நான் மருந்து எழுதித் தரவில்லை, நோய் என்னவென்று பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? செயலி திறக்கவில்லை என்றார், ஒன்றைச் செய்யச் சொன்னேன், திறந்துவிட்டது. அவரைப் பொறுத்தவரை நான் சரிசெய்துவிட்டேன். டோக்கனில் தேதி தப்பாக அச்சாகிறது என்று படகுக்காரர்கள் சொன்னபோது, அச்சான தேதியை அடித்துப் பேனாவால் சரியான தேதியை எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். கிழித்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் அடிக்கட்டையிலும் அப்படியே எழுதினார்.

இரண்டு நாள் என்றது ஒன்பது நாளானது. அவர் மறுபடி அழைக்கவில்லை. செயலி திறக்காமல் ஒரு டோக்கன் அறை ஒன்பது நாள் ஓட முடியாது. அப்படியென்றால் அது எப்படித் திறக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது, தொந்தரவு இல்லாமல் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணி வாக்கில் போய்ச் சேர்ந்தேன். டோக்கன் அறை வாசலில் கூட்டம். முந்தைய நாள் போன விசைப்படகுகள் விடியற்காலையிலேயே திரும்பிவிட்டன. ஒரு படகு மட்டும் வரவில்லை. அதில் நான்கு பேர். போன் எடுக்கவில்லை. படகை ஓட்டிப் போனவரின் மனைவி செல்வி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைகூட வாரவில்லை.

உள்ளே மும்தாஜ் போனில் வயர்லெஸ் அறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பேசியவரின் குரல் வெளியேயும் கேட்டது.

"இங்க பாருங்கம்மா, அந்தப் படகு பதினோரு நாளைக்கு முன்னாடி போயிருக்கு. மறுநாள் கரைக்கு வந்துருச்சு. அதுக்கப்புறம் போகவே இல்ல. நேத்து ஒங்க கரையிலேர்ந்து ஒரு படகும் போனதா இல்ல."

"நேத்து எம்பது படகு போச்சுங்க! நாந்தான டோக்கன் போட்டேன்?"

"அப்ப சிஸ்டத்துல எங்கம்மா? படகு வேற துறையில நிக்குதான்னு மொதல்ல பாத்துட்டுச் சொல்லுங்க."

நான் கணினித் திரையின் மூலையைப் பார்த்தேன். தேதி சரியாகப் பத்து நாள் பின்னால் இருந்தது. ஒன்பது நாளாகக் கடலுக்குப் போன அத்தனை படகும் பழைய தேதிகளில் போய் விழுந்து, அன்றைய உண்மையான பதிவுகளோடு கலந்து கிடந்தன.

இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று படிக்க வேண்டும். நான்கு பேர் கடலில் எங்கேயோ கிடக்கிறார்கள். அவர்கள் கடலுக்கே போகவில்லை என்கிறது சர்வர். ஏன் அப்படிச் சொல்கிறது என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான். நான் என்ன செய்தேன் தெரியுமா? மும்தாஜை நகரச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, முதல் வேலையாகத் தேதியைச் சரிசெய்தேன்.

தொழில் புத்தி என்று அன்று நினைத்துக்கொண்டேன். அது பயம். தப்பான தேதியை வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற பயம்.

தேதி சரியானதும் செயலி மூடிக்கொண்டது. சிவப்பு எழுத்து வந்துவிட்டது.

"என்ன சார் பண்ணீங்க? அதுல பாத்துத்தான பேரு சொல்லிக்கிட்டிருந்தேன்!"

"பத்து நிமிஷம்மா. புது சர்ட்டிஃபிகேட் போட்டா எல்லாம் சரியாயிரும்."

மும்தாஜ் என் முகத்தைப் பார்த்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். "சார், நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டேங்குறாங்க. பொறுப்பான ஆள் யாராச்சும் இருக்காங்களான்னு கேக்குறாங்க."

நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். "இந்தக் கரையின் தேதி ஒன்பது நாளாகத் தப்பு, நான் சொல்லித்தான் மாற்றினார்கள், கம்ப்யூட்டரை விட்டுவிட்டு இந்தம்மா சொல்வதைக் கேளுங்கள்." அதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது. வயர்லெஸ் அறைக்காரர் என்னை நம்பியிருப்பார், செயலியை எழுதிய நிறுவனத்தின் ஆள் அல்லவா. ஆனால் நான், "சிஸ்டத்துல சின்னப் பிரச்சின சார், செக் பண்ணிக்கிட்டிருக்கோம்" என்றேன்.

"சரி, செக் பண்ணிட்டுக் கூப்புடுங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

நீங்களும் இந்த வாக்கியத்தைத் தினமும் சொல்வீர்கள். நானும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். பெரும்பாலும் அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. அன்று நான் போனை வைத்த பிறகு ஜன்னலில் நின்ற செல்வி கேட்டார்: "அண்ணே, சொல்லிட்டீங்களா? தேடக் கெளம்பிட்டாங்களா?" நான் திரையிலிருந்து தலையைத் தூக்காமல், "இருங்கம்மா, பாத்துக்கிட்டிருக்கோம்" என்றேன்.

கோப்பை மாற்ற நிர்வாகி கடவுச்சொல் வேண்டும். அது அலுவலகத்தில் ஒருவரிடம் இருந்தது, அவர் போன் எடுக்கவில்லை. பிறகு எடுத்தார், சொன்னது பழைய கடவுச்சொல். பிறகு லைன் போனது. எனக்குப் பின்னால் என்னென்னவோ சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. நெருக்கடியில் கைக்குப் பழகிய வேலையைப் பிடித்துக்கொண்டால் மனசுக்கு இதமாக இருக்கும், பொறுப்பாக இருப்பது போலவே தோன்றும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. புதிய மூலச் சான்றிதழைப் போட்டுச் செயலியைத் திறந்தேன். சிவப்பு எழுத்து வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"தொறந்துருச்சும்மா!" என்று சொல்லித் திரும்பினேன். அறையில் யாரும் இல்லை.

மேசை இழுப்பறை திறந்து கிடந்தது. கணினி வருவதற்கு முன்னால் கையால் எழுதிக்கொண்டிருந்த காலத்து டோக்கன் புத்தகம் ஒன்று மேலே கிடந்தது. இரண்டு தாள்கள் கிழிக்கப்பட்டிருந்தன. வெளியே ஓடினேன். அதற்குள் இரண்டு விசைப்படகுகள் துறையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

நடந்தது இதுதான். மும்தாஜ் தன்னிடம் இருந்த அடிக்கட்டைகளைப் புரட்டி, முந்தைய நாள் தன் கையால் தேதி எழுதிய அந்தப் படகின் அடிக்கட்டையை எடுத்திருக்கிறார். அதில் நான்கு பேர் பெயரும் போகிற திசையும் இருந்தன. பக்கத்துப் படகுக்காரர்கள் தேடப் போகத் தயாராக நின்றார்கள். ஆனால் அன்று விசைப்படகு முறை இல்லை, டோக்கன் இல்லாமல் வெளியே போக முடியாது. டோக்கன் அடிக்க வேண்டிய கணினியின் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் பழைய புத்தகத்தை எடுத்து, "தேடுவதற்காக" என்று இரண்டு டோக்கன் கையால் எழுதி, கீழே தன் முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வாசல் ஆள், "இது செல்லாதும்மா, ஒங்க வேலதான் போகும்" என்று சொன்னாராம். "எம்பேரு போட்ருக்குல்ல, அவுங்கள விடுங்க" என்றாராம் இவர்.

நான் துறைக்குப் போனபோது மும்தாஜும் செல்வியும் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். செயலி சரியாகிவிட்டது என்று சொன்னேன். செல்விக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே புரியவில்லை. மும்தாஜ், "அப்ப இப்பவாச்சும் அவுங்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க சார்" என்றார். போட்டேன். பழைய தேதிகளில் விழுந்த பதிவுகளைப் பிரித்து அனுப்பி, வயர்லெஸ் அறை நம்பி, மீட்பு ஆட்கள் கிளம்பியபோது மதியம் தாண்டிவிட்டது.

சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் அந்த இரண்டு படகுகளும் திரும்பின. காணாமல் போன படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இன்ஜின் நின்றுபோய், அடிப்பலகை பிளந்து, தண்ணீர் இடுப்பளவு ஏறியிருந்தது. ராத்திரியிலிருந்து நான்கு பேரும் முறை வைத்து வாளியால் இறைத்திருக்கிறார்கள். செல்வியின் கணவருக்கு உள்ளங்கைத் தோல் உரிந்து, விரலை மடக்க முடியவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா கைய விட்ருப்போம்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. செல்வி மும்தாஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

நான்கு பேரும் உயிரோடு வந்துவிட்டதால் எனக்குத் தப்பிப்பது சுலபமாக இருந்தது. ஓர் உயிர் போயிருந்தால் வாயைத் திறந்திருப்பேனோ என்னவோ. விசாரணை என்று வந்தபோது தொழில்நுட்ப அறிக்கை தரச் சொல்லி என்னைத்தான் கேட்டார்கள். "மூலச் சான்றிதழ் காலாவதியானதால் செயலி இயங்கவில்லை. பணியாளர் கணினியின் தேதியை மாற்றி இயக்கியுள்ளார். இதனால் பதிவுகள் பிழையாயின. பிறகு கோளாறு சரிசெய்யப்பட்டது" என்று எழுதினேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஒரு பொய்யும் இல்லாமல் ஓர் ஆளைக் குழியில் தள்ள நம் தொழிலில் முடியும். "தேதி மாற்றப்பட்டது" என்று எழுதலாம், யார் மாற்றச் சொன்னது என்று எழுதாமல் விடலாம். கேட்பவர்களுக்குப் பாதி புரியாது, புரியாததால் நம்மை நம்புவார்கள்.

தேதியை மாற்றியது, அதிகாரம் இல்லாமல் டோக்கன் எழுதியது என்று இரண்டு குற்றம் சொல்லி மும்தாஜை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கோளாறை அன்றைக்கே சரிசெய்ததற்காக எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டினார்கள். நீங்கள் உட்காரும் அறையில் இப்போதும் இருக்கும், கழற்றிவிடுங்கள்.

அதற்குப் பிறகு பல வருஷம் வேலை பார்த்தேன். யாரையாவது போனில் எதையாவது மாற்றிப் பார்க்கச் சொன்னால், அதைப் பழையபடி வைக்கச் செய்து, வைத்துவிட்டேன் என்று அவர்கள் வாயால் கேட்ட பிறகுதான் போனை வைப்பேன். அதைக் கற்றுக்கொண்டது நல்லதுதான். ஆனால் கற்றுக்கொண்டதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார் என்பது ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வரும். அலுப்பாக இருக்கிறது இதைச் சுமந்துகொண்டு திரிவது.

ஓய்வு பெற்ற பிறகு விசாரித்து, அவரைத் தேடிப் போனேன். ஆவுடையார்கோவிலில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். விண்ணப்பங்களும் ஆன்லைனில் போட்டுத் தருகிறார். நான்கைந்து பேர் வரிசையில் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்க சார், நல்லாருக்கீங்களா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. பேருந்தில் வரும்போதே மனப்பாடம் பண்ணியதைச் சொன்னேன். அன்று தேதியை மாற்றச் சொன்னது நான்தான் என்று விசாரணையில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டுவிட்டேன் என்றேன். ஒரு வாக்கியம்தான், அதைச் சொல்வதற்குள் வேர்த்துவிட்டது.

மும்தாஜ் கையிலிருந்த தாளை மெஷினில் வைத்து மூடினார்.

"அவுங்க கேட்டப்ப நான் ஒங்க பேரச் சொல்லல சார். நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ஒரு வாரம் பாத்தேன். அப்புறம் வேல தேட வேண்டியிருந்துச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். டீ வாங்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "ஒங்களுக்கு என்னங்க, எத்தன ஜெராக்ஸ்?" என்று கேட்டார்.